ஒரு பெட்டி லாகர், எட்டுப் பேர்: வீட்டிலேயே பீர் காக்டெய்ல் என்றால் எதைக் கலக்கலாம்?

மூன்றாம்மாடி எழுதியது:

வணக்கம் மக்களே. மியூனிக்கில் இருக்கிறேன். வருகிற சனிக்கிழமை பால்கனியில் கிரில் (மின்சார கிரில்தான், கரி மூட்டினால் பக்கத்து வீட்டில் சண்டைக்கு வந்துவிடுவார்கள்), எட்டுப் பேர் இருப்போம். ஒரு பெட்டி ஹெல்லஸ் (இந்த ஊர் வெளிர் நிற லாகர் பீர்) வாங்கி வைத்திருக்கிறேன், அரை லிட்டர் பாட்டில் இருபது. எப்போதும்போல ஆளுக்கொரு பாட்டிலைத் திறந்து நீட்டாமல் இந்த முறை அதே லாகரை வைத்து நாலைந்து விதமாகக் கலந்து கொடுக்கலாம் என்று ஆசை. வீட்டில் பாதி பாட்டில் டெக்கீலா, கொஞ்சம் ஜின், அபெரோல் என்ற ஆரஞ்சுக் கசப்பு மது, தக்காளி ஜூஸ், எலுமிச்சை சோடா எல்லாம் கிடக்கிறது. ஷேக்கரும் இருக்கிறது, பீரை அதில் ஊற்றிக் குலுக்கினால் கூரை வரைக்கும் அடிக்கும் என்பது தெரியும், அதனால் அந்த ஜோக்கை யாரும் சொல்ல வேண்டாம்.

கேள்வி என்னவென்றால், லாகரோடு நிஜமாகவே ஒத்துப்போவது எது, போட்டோவுக்காகச் செய்வது எது? முன்கூட்டியே ஒரு ஜக்கில் கலந்து ஃபிரிஜ்ஜில் வைக்கலாமா? டெக்கீலா சேர்த்தால் எந்த அளவுக்கு ஏறும்? வருகிறவர்களில் ஒருவர் சுத்த சைவம், முட்டை கூடக் கிடையாது. இரண்டு பேர் குடிக்கவே மாட்டார்கள், அவர்கள் கையிலும் வெறும் தண்ணீர் டம்ளரைக் கொடுத்து உட்கார வைக்க மனசில்லை.

ஆல்ஸ்டர்கரை எழுதியது:

மியூனிக்கில் உட்கார்ந்துகொண்டு ராட்லரை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் யோசிக்கிறீர்களே! பாதி ஹெல்லஸ், பாதி எலுமிச்சை சோடா, இரண்டும் நன்றாகச் சில்லென்று இருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. 1922-இல் உங்கள் ஊருக்குத் தெற்கே டைசன்ஹோஃபனில் குகலர் என்ற விடுதிக்காரர், சைக்கிளில் திரண்டு வந்த கூட்டத்துக்குப் பீர் போதாமல் எலுமிச்சை சோடாவை ஊற்றிச் சமாளித்தார், அதிலிருந்து வந்ததுதான் இது என்று ஒரு கதை சொல்வார்கள். அதற்கு முன்பே அந்தப் பெயர் புழக்கத்தில் இருந்திருக்கிறது, எனவே விருந்தாளிகளிடம் கதையாகச் சொல்லுங்கள், வரலாறாகச் சொல்லாதீர்கள். நாங்கள் ஹாம்பர்க்கில் இதையே ஆல்ஸ்டர்வாசர் என்று கேட்டு வாங்குகிறோம், ஸ்பெயினில் கிளாரா, பிரான்சில் பனாஷே. ஊருக்கு ஊர் பெயர்தான் மாறும்.

கணக்கும் எளிது. ஹெல்லஸ் ஏறக்குறைய 5%. பாதிக்குப் பாதி ஊற்றினால் இரண்டரை. வெயிலில் மத்தியானமே ஆரம்பிக்கிற கூட்டத்துக்கு முதல் ரவுண்டு இதுவாக இருந்தால் சாயங்காலம் வரைக்கும் எல்லோரும் பேசுகிற நிலையில் இருப்பார்கள்.

ஒரே ஒரு ஆலோசனை: கடையில் கிடைப்பதில் இனிப்பு குறைந்த சோடாவாகப் பாருங்கள், இல்லையென்றால் பாதி சோடாவைக் குறைத்து அந்த இடத்தில் வெறும் சோடாத் தண்ணீரும் பிழிந்த எலுமிச்சையும் சேருங்கள். பீரின் கசப்பு சர்க்கரைக்கு அடியில் போய்விட்டால் அப்புறம் அது குழந்தைகள் குடிக்கிற சமாச்சாரம்தான். கோலா கலந்து டீசல் என்று ஒன்று இங்கே பையன்கள் குடிப்பார்கள். பெயருக்குப் பொருத்தமாகத்தான் இருக்கும், வேண்டாம்.

ஹூஸ்டன்வெயில் எழுதியது:

ராட்லர் நல்லதுதான், ஆனால் கிரில் போடுகிற இடத்தில் மிச்செலாடா இல்லாமல் எப்படி? இங்கே டெக்சாஸில் மெக்சிகோக்காரர்கள் யார் வீட்டுக்குப் போனாலும் ஞாயிற்றுக்கிழமை இதுதான்.

முதலில் அதன் தம்பி செலாடா. டம்ளர் விளிம்பில் உப்பு, உள்ளே ஐஸ், 20 மி.லி. எலுமிச்சைச் சாறு, மேலே லாகர், முடிந்தது. மெக்சிகோவில் பிழிகிற அந்தச் சின்ன எலுமிச்சையும் நம் ஊர் நாட்டு எலுமிச்சையும் ஒரே இனம், அதனால்தானோ என்னவோ முதல் வாயிலேயே நமக்குப் பழகிய ருசி மாதிரி தெரிகிறது. ஜெர்மனியில் மஞ்சளாகப் பெரிதாக இருப்பது வேண்டாம், பச்சையாக இருக்கிறதே லிமெட்டே, அதை வாங்குங்கள். தமிழ்க் கடையில் நாட்டு எலுமிச்சை கிடைத்தால் இன்னும் விசேஷம்.

மிச்செலாடாவுக்கு அதே ஏற்பாடுதான், கூடவே 60 முதல் 90 மி.லி. வரை தக்காளி ஜூஸ், இரண்டு மூன்று சொட்டு காரச் சாஸ், வூஸ்டர் சாஸ், ஒரு சிட்டிகை மிளகு. விளிம்புக்கு இங்கே தஹீன் என்று மிளகாய், உப்பு, காய்ந்த எலுமிச்சை கலந்த பொடி விற்கிறார்கள். கிடைக்காவிட்டால் காஷ்மீரி மிளகாய்த்தூள், உப்பு, கொஞ்சம் ஆம்சூர் (காய்ந்த மாங்காய்) பொடி கலந்துகொள்ளுங்கள், வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

இங்கேதான் உங்கள் சைவ நண்பர் விஷயம் வருகிறது, கவனமாகப் படியுங்கள். பெரும்பாலான வூஸ்டர் சாஸில் நெத்திலி மீன் உண்டு. அமெரிக்காவில் இதற்கென்றே போடுகிற கிளமேட்டோ என்ற தக்காளி ஜூஸில் சிப்பிச் சாறு உண்டு. இரண்டையும் பார்த்தால் மீன் இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது. பாதி மெக்சிகோ வூஸ்டருக்குப் பதிலாகவோ அதோடு சேர்த்தோ மேகி சொட்டு விடும், நூடுல்ஸ் மேகி இல்லை, அந்தக் கறுப்பு பாட்டில் சாஸ். அது ஜெர்மனியில் எல்லா வீட்டு அலமாரியிலும் இருக்குமே! அங்கே விற்கிற மேகியில் மீனும் இல்லை, இறைச்சியும் இல்லை. கோதுமை உண்டு, கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் யாராவது வந்தால் மட்டும் சொல்லிவிடுங்கள், அவர்களில் பலருக்குப் பீரே ஆகாது என்பது வேறு விஷயம். உப்பு அதிகம், மூன்று சொட்டுக்கு மேல் வேண்டாம்.

டெக்கீலாவை இதில் ஊற்றாதீர்கள். தேவையே இல்லை.

கலப்படமில்லை எழுதியது:

ஹெல்லஸ் வாங்கி அதில் தக்காளி ஜூஸா? பல வாரம் குளிரில் கிடந்து, பளிங்கு மாதிரி தெளிந்து வந்த பீரை எடுத்து ரசம் வைக்கிறீர்கள். கலக்கத்தான் வேண்டும் என்றால் மலிவான பீரை வாங்கிக் கலக்குங்கள், இதை அப்படியே குடியுங்கள். வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.

நொதி எழுதியது:

மேலே சொன்னவர் கோபப்படுவதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தத் தெளிவுதான் லாகரைக் கலப்பதற்கு ஏற்றதாக்குகிறது, அதை யோசித்துப் பாருங்கள். பானத் தொழிற்சாலையில் வேலை, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏல் என்கிற இன்னொரு பீர் வகையை வெதுவெதுப்பான இடத்தில் புளிக்க வைப்பார்கள், ஈஸ்ட் வாழைப்பழ வாசனை, பழச்சாறு வாசனை என்று ஏகப்பட்டது போட்டுவிடும். லாகர் ஈஸ்ட் வேறு ஜாதி, 7 முதல் 13 டிகிரி வரை குளிரில் நிதானமாக வேலை செய்யும், அப்புறம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வாரக்கணக்கில் கிடக்கும். அந்த ஈஸ்ட்டே ஒரு கலப்பினம்தான், அதன் ஒரு பெற்றோர் தென் அமெரிக்காவில் படகோனியாக் காட்டு மரங்களில் இருக்கிறது என்று 2011-இல் தான் கண்டுபிடித்தார்கள். கலப்படமில்லை அண்ணன் குடிக்கிற பீரும் கலப்புதான் என்று சொல்லத்தான் இதைச் சொன்னேன் :) குளிரில் புளித்ததால் லாகரில் பழ வாசனை இல்லை. மிஞ்சுவது தானிய ருசி, கொஞ்சம் கசப்பு, நிறைய கேஸ். அதாவது கசப்பு ஏற்கெனவே போட்டுக் கொடுத்த சோடா. அப்படிப் பார்த்தால் அதில் இல்லாதது எது? புளிப்பு, உப்பு, காரம். மெக்சிகோக்காரர்கள் சேர்ப்பது அதைத்தான், ஜெர்மானியர்கள் புளிப்போடு நிறுத்திக்கொண்டார்கள். சாராயம் லாகரில் குறைவாக இருக்கிறது என்று எந்த ஊர்க்காரரும் குறைபட்டதில்லை. ஆனால் வீட்டில் காக்டெய்ல் செய்கிறேன் என்று ஆரம்பிக்கிற எல்லோரும் முதலில் கை வைப்பது ஜின் பாட்டிலில்தான்.

ஜக்கு விஷயத்துக்கு வருகிறேன். பீரை ஜக்கில் ஊற்றி வைக்காதீர்கள். பாட்டிலைத் திறந்த நிமிடத்திலிருந்து கேஸ் போய்க்கொண்டே இருக்கும், கிளறினால் இன்னும் வேகமாகப் போகும். பூஜ்யம் டிகிரியில் தண்ணீர் தாங்குகிற கரியமில வாயுவில் பாதியைத்தான் 20 டிகிரியில் தாங்கும். அதனால் கலக்குகிற எல்லாமே பீர் அளவுக்குக் குளிர்ந்திருக்க வேண்டும், வெளியே இருந்த தக்காளி ஜூஸை ஊற்றி அதன்மேல் பீரை ஊற்றினால் டம்ளர் முழுக்க நுரைதான். ஜக்கில் வைக்க வேண்டியது கேஸ் இல்லாத பாகம் மட்டும்: தக்காளி, மேகி, காரம், மிளகு எல்லாம் காலையிலேயே கலந்து ஃபிரிஜ்ஜில் வைக்கலாம். எலுமிச்சையைக் கடைசி ஒரு மணி நேரத்தில் பிழியுங்கள், பிழிந்து ரொம்ப நேரம் வைத்தால் சாறு கசந்துபோகும். ஆள் வந்து கேட்கும்போது டம்ளரில் அதை ஊற்றி, பீரைக் கடைசியாக, டம்ளரைச் சாய்த்துப் பிடித்து ஊற்றுங்கள். ஒரு தடவை அடியிலிருந்து மேலாகக் கரண்டியால் தூக்கிவிட்டால் போதும்.

உப்பு விளிம்புக்கு ஒரு எச்சரிக்கை. உப்புக் கல் உள்ளே விழுந்தால் அதன் சொரசொரப்பில் கேஸ் முழுக்கக் குமிழியாகத் திரண்டு பொங்கும். விளிம்பின் வெளிப்பக்கம் மட்டும் தடவுங்கள், அதுவும் பாதி வட்டம், வேண்டாதவர்கள் அடுத்த பக்கம் குடித்துக்கொள்வார்கள். ஐஸும் அப்படித்தான், ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு பனி படிந்திருந்தால் நுரை எகிறும். டம்ளரில் போட்டு எலுமிச்சைச் சாற்றை முதலில் மேலே ஊற்றி நனைத்துவிடுங்கள்.

அப்புறம், பால்கனி என்கிறீர்கள். பாட்டிலை வெயிலில் வைக்காதீர்கள். பீரில் சேர்க்கிற ஹாப் என்ற பூவிலிருந்து வருகிற கசப்புப் பொருளில் வெளிச்சம் பட்டால் கந்தகம் சேர்ந்த ஒரு நாற்றம் பிறக்கும். பழுப்பு பாட்டில் பெருமளவு தடுத்துவிடும், பச்சை பாட்டிலும் வெள்ளை பாட்டிலும் தடுக்காது. டம்ளரில் ஊற்றி வெயிலில் வைத்துவிட்டு கிரில்லைத் திருப்பப் போனால் அதே கதைதான், எந்தச் சாஸ் போட்டும் மறைக்க முடியாது.

வெள்ளவத்தை எழுதியது:

கொழும்பிலே பிறந்து இப்போது டொரண்டோவில். இஞ்சியை ஒருவரும் சொல்லவில்லையே! எங்களுக்கு ஷாண்டி என்றால் பியரோடு ஜிஞ்சர் பியர்தான், லெமனேட் இல்லை. லயன் லாகர் பாதி, எலிபன்ட் ஹவுஸ் ஜிஞ்சர் பியர் பாதி. அந்த ஜிஞ்சர் பியரில் மது இல்லை, உண்மையான இஞ்சியின் காரம் மட்டும் தொண்டையில் நிற்கும். ஐரோப்பாவில் தமிழ்க் கடைகளுக்கு வருகிறது, மியூனிக்கில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் நல்ல காரமான ஜிஞ்சர் பியர் எதுவானாலும் சரி, ஆனால் ஜிஞ்சர் ஏல் என்று எழுதியிருப்பதை வாங்கிவிடாதீர்கள், அது வெறும் இனிப்பு.

குடிக்காத இருவருக்கும் இதுவே பதில். ஜிஞ்சர் பியர், எலுமிச்சை, உப்பு விளிம்பு, ஐஸ். பக்கத்தில் செலாடாவை வைத்தால் எது எது என்று தெரியாது. ஆல்கஹால் இல்லாத பியர் கொடுக்க நினைத்தால் போத்தலைத் திருப்பிப் பாருங்கள், ஜெர்மனியில் அப்படி எழுதியிருப்பதில் அரை சதவீதம் வரை இருக்கலாம். மார்க்கக் காரணத்துக்காகவோ மருந்து எடுப்பதாலோ குடிக்காதவர் என்றால் 0.0 என்று போட்டதை வாங்கிக் கொடுங்கள், அல்லது முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கொடுப்பது சரியில்லை.

மூன்றாம்மாடி எழுதியது:

அடேயப்பா, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. மேகி சமாச்சாரம் பிரமாதம், நெத்திலி விஷயம் எனக்குச் சத்தியமாகத் தெரியாது, சைவ நண்பரிடம் சொன்னேன், இதுவரை எத்தனை இடத்தில் சாப்பிட்டிருப்பேனோ என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஆனால் இரண்டு பேர் சரக்கு கலந்தே தீருவோம் என்று அடம்பிடிக்கிறார்கள். அதில் ஒருவர் கொரியக் கம்பெனியில் வேலை பார்ப்பவர், சோமேக் சோமேக் என்று குதிக்கிறார். அபெரோலையும் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. ஒரு பெட்டியும் என் ஃபிரிஜ்ஜில் நுழையாது, அதற்கும் வழி சொல்லுங்கள்.

சியோல்குளிர் எழுதியது:

சோமேக் என்றால் சோஜு என்ற கொரியச் சாராயமும் லாகரும். சோஜு மூன்று பங்கு, பீர் ஏழு பங்கு என்று இங்கே எல்லோரும் வாய்ப்பாடு மாதிரி சொல்வார்கள், அலுவலக விருந்தில் சோஜுவை ஊற்றி, பீரை ஊற்றி, கரண்டியை டம்ளருக்குள் ஒரு குத்து குத்துவார்கள், நுரை பொங்கியதும் ஒரே மூச்சில் காலி. இப்போதைய சோஜு 16% ஒட்டித்தான் வருகிறது. 50 மி.லி. சோஜு, 150 மி.லி. லாகர் என்று இளகிய கையில் ஊற்றினாலே மொத்தத்தில் ஏழரை சதவீதத்துக்குப் பக்கத்தில் நிற்கும், ஊர் ஸ்ட்ராங் பீர் கணக்கு. பிரச்சினை சதவீதம் இல்லை. சோஜுவின் நெடியைப் பீர் மறைத்துவிடும், பீரின் கசப்பைச் சோஜுவின் இனிப்பு மறைத்துவிடும், ஒன்றுமே குடிக்காத மாதிரி இறங்கும். உங்கள் நண்பர் ஆளுக்கு ஆள் கலந்து கொடுக்கிற பொறுப்பை எடுத்துக்கொள்வார் பாருங்கள், அந்த வேலையை மட்டும் அவரிடம் விடாதீர்கள்.

நொதி எழுதியது:

டெக்கீலாவுக்கும் கணக்குப் போட்டுவிடுகிறேன். 330 மி.லி. ஹெல்லஸில் சுத்த ஆல்கஹால் பதினாறரை மி.லி. அதில் 40 மி.லி. டெக்கீலா, 40% என்று வைத்துக்கொண்டால், இன்னொரு 16 மி.லி. அதாவது ஒரு டம்ளரில் இரண்டு டம்ளர் சரக்கு, கையில் இருப்பதோ ஒன்று. குடிப்பவர் பீர் வேகத்தில்தான் குடிப்பார். அங்கேதான் ஆட்டம் முடிகிறது. அடம்பிடிக்கிற ஆளுக்கு 15 மி.லி. அளந்து ஊற்றுங்கள், வாசனை வந்துவிடும். கண்ணால் அளக்காதீர்கள். யாராவது வண்டியில் வருகிறார்களா? அங்கே எல்லை 0.5 புரொமில் (ரத்தத்தில் ஆயிரத்தில் அரைப் பங்கு ஆல்கஹால்), 21 வயதுக்குக் கீழே என்றாலும் புதிதாக லைசென்ஸ் வாங்கியவர் என்றாலும் பூஜ்யம். ரயிலில் வரச் சொல்லிவிடுங்கள்.

அபெரோல் உண்மையிலேயே லாகரோடு சேரும், அது 11%தான், கசப்போடு ஆரஞ்சு மணம். 30 மி.லி. அபெரோல், 15 மி.லி. எலுமிச்சை, மேலே 300 மி.லி. லாகர். அமெரிக்காவில் ஸ்பகெட் என்று பெயர் வைத்து நேராகப் பாட்டிலிலேயே செய்வார்கள்: இரண்டு மடக்கு குடித்துவிட்டு அந்த இடத்தில் அபெரோலை ஊற்றுவது. உங்களிடம் இருப்பது அரை லிட்டர் பாட்டில், டம்ளரே நல்லது. இதே யோசனை பிரான்சில் பழசு, அல்சாஸ் பக்கம் பிக்கோன் என்ற ஆரஞ்சுக் கசப்பை லாகரில் ஊற்றிக் குடிப்பார்கள், 1837-இல் அல்ஜீரியாவில் ஒரு பிரெஞ்சுப் படைவீரர் காய்ச்சியது அது. கசப்போடு கசப்பு சேர்ந்தால் லாகர் காணாமல் போகாது, எடுப்பாக நிற்கும். ஜின்னை அப்படியே விட்டுவிடுங்கள், அதற்கு டானிக் வாட்டர் வாங்குங்கள்.

கலப்படமில்லை எழுதியது:

அபெரோல் வரைக்கும் மன்னிக்கலாம். பிக்கோன் நானே குடித்திருக்கிறேன். ஆனாலும் முதல் பாட்டிலை வந்தவர்களுக்குக் கலக்காமல் கொடுங்கள், அப்புறம் எதை மூடுகிறோம் என்றாவது தெரியும்.

ஆல்ஸ்டர்கரை எழுதியது:

பெட்டிக்கு வழி: பெரிய பிளாஸ்டிக் தொட்டி, துணி துவைக்கிற தொட்டி இருந்தால் அதுவே போதும். ஐஸை மட்டும் கொட்டாதீர்கள், பாட்டில் கழுத்து வரை தண்ணீர் வேண்டும், வெறும் ஐஸில் இடுக்கெல்லாம் காற்றுதான் இருக்கும், குளிர்ச்சி ஏறாது. ஐஸும் தண்ணீரும் சரிபாதி, இரண்டு கைப்பிடி உப்பு. அரை மணி நேரத்தில் தயார். உப்பு போட்டால் தண்ணீர் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும், பீர் மைனஸ் இரண்டு மூன்றிலேயே உறைய ஆரம்பித்துவிடும், எனவே உப்பைப் போட்டுவிட்டு மறந்துபோய் உட்கார்ந்துவிடாதீர்கள். முதல் பத்து பாட்டில் எடுத்ததும் அடுத்த பத்தை இறக்கலாம், அதற்கு உப்பு வேண்டாம், ஐஸ் மட்டும் சேருங்கள். சோடாவையும் ஜிஞ்சர் பியரையும் இதே தொட்டியில் போடுங்கள்.

மூன்றாம்மாடி எழுதியது:

சரி, முடிவு இதுதான். கலப்படமில்லை அண்ணனுக்காக முதல் ரவுண்டு சும்மா ஹெல்லஸ். அப்புறம் ராட்லர், செலாடா, மேகி போட்ட மிச்செலாடா, இருட்டினதும் அபெரோல். குடிக்காதவர்களுக்கு ஜிஞ்சர் பியர். டெக்கீலா பாட்டில் சனிக்கிழமை காலையில் படுக்கையறை அலமாரிக்குப் போகிறது, கேட்டால் தீர்ந்துவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன். ஒரே சந்தேகம், தக்காளிக் கலவையை எட்டுப் பேருக்கு எவ்வளவு செய்து வைக்க?

ஹூஸ்டன்வெயில் எழுதியது:

எட்டுப் பேரும் மிச்செலாடா குடிக்க மாட்டார்கள், பாதிப் பேர் ஒரு வாய் பார்த்துவிட்டு செலாடாவுக்குப் போய்விடுவார்கள். ஒரு லிட்டர் தக்காளி ஜூஸ் பெட்டி ஒன்று போதும், பன்னிரண்டு டம்ளருக்கு வரும். மிஞ்சினால் மறுநாள் காலையில் அதைக் கொதிக்க வைத்து, பூண்டு தட்டிப் போட்டுக் குடியுங்கள், கலப்படமில்லை சொன்ன ரசம் அதுதான்.